இரண்டு சுற்று, ஒரு முடிச்சு

இருபத்துமூன்றா, இருபத்துநாலா, மறந்துவிட்டது. பிரித்து எண்ணினால் இருபத்தாறு வருகிறது. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. முப்பத்தைந்து வருஷமாக என் விரல்கள்தான் எண்ணுகின்றன, நான் எண்ணுவதில்லை. நான் பாட்டுக்கு உலையைப் பற்றியோ குழாயில் தண்ணீர் வருமா என்பதைப் பற்றியோ நினைத்துக்கொண்டிருப்பேன், இருபத்தைந்தில் விரல் தானாக நிற்கும். இன்றைக்கு நிற்கவில்லை. மணி மூன்று ஐம்பது. நாலரை பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். ஐந்து மணிக்குக் கடையில் பீடி கொடுக்க வேண்டும், பத்துக் கட்டு பாக்கி, தட்டில் வெட்டி வைத்த இலை ஈரம் காய்ந்து சுருள ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியை எடுத்து மேலே போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், போடவில்லை. தட்டின் ஓரத்தில், புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில், அந்த நூல் துணுக்குகள் கிடக்கின்றன. நகத்தின் அளவுதான், ஏழெட்டு. பாதி எங்கள் நிறம், பாதி அவர்கள் நிறம். என்ன நிறம் என்று மனசுக்குள்கூடப் பேர் சொல்ல மாட்டேன். நிறத்தைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். எங்கள் நிறம், அவர்கள் நிறம், அது போதும். இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அவ்வளவு சொன்னால் போதும். இல்லை, கைக்குழந்தைக்குத் தெரியாது. பதினொரு வயசாகிற என் பையனுக்கும் தெரியவில்லை.

கத்தரியைத் தேடித்தான் முத்துவின் புத்தகங்களுக்குள் கைவிட்டேன். இலை வெட்டுகிற கத்தரியை எடுத்து வேறெதையும் வெட்டாதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கத்தரி அங்கேதான் இருந்தது, பக்கத்தில் இந்தத் துணுக்குகள். போன மாசம் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நம்ம பையன்கள் எல்லாரும் வலது கையில் நம்ம நிறத்துக் கயிறு கட்டித்தான் பள்ளிக்கூடம் போகணும், பார்த்ததுமே தெரியணும் என்று முடிவு செய்தார்கள். அடுத்த வாரமே அவர்களும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கட்டினார்கள். முத்துவுக்கு நான்தான் கட்டினேன். வேறு யாரும் இல்லை, நான்தான். அவன் அப்பா கோழிக்கோட்டில் பரோட்டா போடுகிறார், போனில் கேட்டேன், "எல்லாரும் கட்டுனா நீயும் கட்டிவிடு, தனியா நிக்காத" என்றார். முத்து கையை நீட்டிக்கொண்டே, "இது எதுக்கும்மா?" என்றான். "சாமி கயிறு" என்றேன். "அப்ப அபினேஷுக்கும் ஒண்ணு தாங்க" என்றான். அபினேஷ் அவர்கள் தெருப் பையன். தலையில் ஒரு குட்டு வைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று காலையில் மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டான். "என்னலே கையில?" என்றதற்கு "கொசு கடிச்சிட்டும்மா" என்றான். கொசு கடித்ததற்கு யாராவது கைக்குட்டை கட்டுவார்களா. நேற்றுச் சாப்பிடும்போது அந்தக் கையில் கயிறு இருந்ததா? எத்தனை யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. சோற்றைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கேட்டது நினைவிருக்கிறது. "ஏம்மா, ஒரு நிறம் நமக்குப் பிடிச்சிருந்தா அத யார்ட்டக் கேட்டு வாங்கணும்?" "வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன். மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கயிறு அந்தப் பையன் கையில், அவர்கள் கயிறு என் பையன் கையில். இரண்டும் அதே பஸ்ஸில் வந்து அதே ஓடைப்பாலத்தில் இறங்கும்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. துணுக்குகளைப் பார்த்த அடுத்த நிமிஷம் நான் செய்தது என்ன. போனை எடுத்தேன். செண்பகம் அக்காவைக் கூப்பிட்டேன். என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. அவள் மகன் மகாராஜன்தான் தினமும் நாலு மணிக்கு மேல் இன்னும் நாலைந்து பேரோடு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பான், பஸ்ஸை விட்டு இறங்குகிற பையன்களின் கையைப் பார்ப்பான். "அக்கா, முத்து விளையாட்டுக்குக் கயிற மாத்திக் கட்டிட்டுப் போயிட்டான் போல. வேற யாரும் பாக்கதுக்கு முந்தி மகாராஜனை அத அவுத்துவிடச் சொல்லுங்க, சின்னப் பிள்ளல்லா" என்றேன். என் பிள்ளைக்கு அடி விழக்கூடாது, அவ்வளவுதான் அப்போது மனசில் இருந்தது. சாமி மேல் சத்தியமாக அவ்வளவுதான். "யார்ட்ட மாத்துனான்?" என்றாள். "கூடப் படிக்கான்லா, அந்தப் பையன்" என்றேன். போனில் குக்கர் சத்தம் கேட்டது, இரண்டு விசில். பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள், "அப்ப நம்ம கயிறு?" நான் யோசிக்கவே இல்லை. "அவன் கையிலதான் கிடக்கும்" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் கையை எடுத்து, இந்தா என்று கொடுத்துவிட்டேன். "சரிட்டி, நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒம் பீடியச் சுத்து" என்று வைத்துவிட்டாள். நான் சுற்றுகிறேன். இலையை வை, தூளைப் போடு, உருட்டு, நூலை இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. மணி நாலு.

அந்தப் பையன் என்று சொன்னேன். பேர் தெரியாத மாதிரி. அபினேஷ் என்று எனக்குத் தெரியாதா. ஆறாம் வகுப்பில் உயரப்படி உட்காரவைத்ததில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் இடது கைக்காரன், அதனால் இடது ஓரம், முத்து வலது ஓரம், எழுதும்போது முழங்கை இடிக்காது என்று முத்து எனக்கு விளக்கிச் சொன்னான், ஏதோ கடவுளே பார்த்து உட்கார வைத்த மாதிரி. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு தவளை இருக்கிறதாம், அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனால் கணக்கு டீச்சர் அன்றைக்கு எழுப்ப மாட்டாராம். அபினேஷ் கண்டுபிடித்தது. ஒரு நாள் தவளையைக் காணோம் என்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. போன வாரம் முத்து ஓடிவந்து, "அபினேஷுக்குப் பீடி முடிச்சு சொல்லிக்கொடுத்தேம்மா, இடது கையாலயே போடுதான், ஒங்கள விட வேகம்" என்றான். சிரித்துவிட்டேன், பிறகு யாராவது கேட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போடப் போனபோது ஒல்லியாக ஒரு பையன் வந்து, "அத்தை, முத்து மைதானத்துல நிக்கான், கூட்டிட்டு வரவா?" என்றான். அத்தை. நான் முத்துவிடம் பிறகு கேட்டேன், யாரு அவனை அப்படிக் கூப்பிடச் சொன்னது என்று. "நான் அவன் அம்மாவ அத்தைன்னுதான் கூப்பிடுதேன், அப்ப அவனும் அப்படித்தான் கூப்பிடணும்" என்றான். இந்த வார்த்தையால் இந்த ஊரில் யார் யாரைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் என்ன அர்த்தம், அதற்கு என்ன நடக்கும், எதுவும் தெரியாது இரண்டுக்கும். "பஸ்ஸுல வச்சு அப்படிக் கூப்பிட வேண்டாம்னு சொல்லு" என்றேன். "ஏன்?" என்றான். "சொன்னாக் கேளு" என்றேன். ஆனால் அந்தக் குரல் இரண்டு நாள் காதுக்குள் இருந்தது. நல்லாத்தான் இருந்தது.

எனக்கும் ஒருத்தி இருந்தாள். பூரணம். அஞ்சாம் வகுப்பு. அவள் அந்தத் தெரு, நான் இந்தத் தெரு. மத்தியானம் புளியமரத்துக்குப் பின்னால் போய்ச் சோற்றை மாற்றிக்கொள்வோம், அவளுடைய தூக்குவாளியில் நான், என்னுடையதில் அவள். ஒரு நாள் எங்கள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் சொன்னேன், "பூரணம் வீட்டுக் குழம்பு இதவிட ருசி." பெருமையாகச் சொன்னேன். என் சிநேகிதி வீட்டுக் குழம்பு என்ற பெருமை. அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் சித்தப்பாமார் நாலு பேர் போனார்கள். பூரணத்தின் அம்மாவை ரோட்டில் நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் பேசினார்களாம். பேசினார்கள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அவள் சேலை மறுநாளும் முள்ளில் மாட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். அது அவளுடையதில்லை, வேறு யாருடையதோ என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதோடு பூரணம் பள்ளிக்கூடம் வரவில்லை, என்னையும் நிறுத்திவிட்டார்கள், பீடித்தட்டை மடியில் வைத்தார்கள். பிறகு ஒரே ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரி வரிசையில் அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்தாள், பிறகு என் தலைக்கு மேலே சுவரில் எழுதியிருந்ததைப் படிக்கிற மாதிரி பார்த்தாள். குழம்பைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு எனக்குப் பத்து வயசு, தெரியாமல் சொன்னேன். இன்றைக்கு நாற்பத்தைந்து வயசு. இன்றைக்கு என்ன சொல்லப்போகிறேன்.

மணி நாலு ஏழு. செண்பகம் அக்காவைத் திரும்பவும் கூப்பிடுகிறேன். மணி போகிறது, எடுக்கவில்லை. ஒன்றும் இருக்காது. மகாராஜன் கெட்டவன் இல்லை, என் பிரசவத்துக்கு ஆட்டோ பிடிக்க ஓடியவன், அப்போது அவனுக்கு எட்டு வயசு, செருப்பில்லாமல் ஓடினான். முத்துவை முதலில் தூக்கியதே அவன்தான். அந்தக் கைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தான் என்று அவர்கள் பக்கத்துப் பையன் ஒருத்தனைப் பாலத்தில் இறக்கினார்கள். ப்ளஸ் டூ படிக்கிறவன். தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறான், இப்போது இரண்டு விரல் மடங்கவில்லையாம். மகாராஜன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். அவர்கள் கயிறு எங்கள் பையன் கையில் இருந்தால் அது விளையாட்டு, ஒரு அறையோடு போகும். எங்கள் கயிறு அவர்கள் பையன் கையில் இருந்தால் அதற்குப் பேர் விளையாட்டு இல்லை. இது எனக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா? இல்லை. என் பிள்ளை மட்டும் தப்பினால் போதும் என்று எனக்குள் ஒருத்தி சொல்லிவிட்டாளா? இலை கிழிந்துவிட்டது. தூள் சேலையெல்லாம். அபினேஷ் இடது கைக்காரன். கயிறு வலது கையில். அடிக்க வந்தால் எந்தக் கையைத் தூக்குவான், இடது கையைத்தான் தூக்குவான். எழுதுகிற கை. முடிச்சுப் போடுகிற கை. மணி நாலு பதினொன்று. எப்படி நாலு நிமிஷம் போனது. நீ ஒம் பீடியச் சுத்து. நீ ஒம் பீடியச் சுத்து. தட்டு மடியிலிருந்து சரிகிறது, சரியட்டும்.

கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறேன். அறுத்துவிடுவேன், அவ்வளவுதான், பஸ் நின்றதும் இரண்டு கையிலும் இருப்பதை அறுத்து ஓடையில் போட்டுவிடுவேன், பார்க்க ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வார்கள். "என்ன, கடைக்கா? தட்டக் காணும்?" என்று எதிரில் யாரோ கேட்கிறாள். "மாத்திரை வாங்க" என்கிறேன், யார் என்றுகூடப் பார்க்கவில்லை. ஓட்டமாகப் போனால் சந்தேகப்படுவார்கள், மெதுவாகப் போனால் பஸ் வந்துவிடும். பாலத்துக் கட்டையில் ஐந்து பேர். ஒரு பைக் சாய்ந்து நிற்கிறது. மகாராஜன் போனைப் பார்த்துக்கொண்டே, "என்ன சித்தி, இங்க? அதான் நான் பாத்துக்கிடுதேன்னு அம்மாட்டச் சொன்னம்லா. வீட்டுக்குப் போங்க" என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான். மரியாதையாகச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. "முத்துவக் கூட்டிட்டுப் போயிடுதேன்" என்றேன். "கூட்டிட்டுப் போங்க" என்றான். முத்துவை மட்டும் என்று நானும் சொல்லவில்லை, இன்னொருத்தனை விட்டுவிட்டு என்று அவனும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருத்தன் சிரித்தான். பஸ் வளைவில் திரும்பிவிட்டது. முன்னால் நான்கு பெண்கள் இறங்கினார்கள், ஒரு கிழவர் இறங்கினார், பிறகு இரண்டு பேரும் ஒரே படியில் ஒன்றாகக் குதித்தார்கள், யார் முதலில் தரையைத் தொடுவது என்று ஏதோ பந்தயம், சிரித்துக்கொண்டு. இரண்டு பேருடைய வலது மணிக்கட்டிலும் கைக்குட்டை.

நான் முந்திவிட்டேன். ஆளுக்கொரு கையைப் பிடித்துவிட்டேன். அபினேஷின் கை இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை, பீடிக்கட்டு பிடிக்கிற மாதிரி ஒரே பிடிக்குள் வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தவன் என் இடுப்பில் கத்தரியைப் பார்த்ததும் கையை இழுத்தான். என்னைப் பார்த்துத்தான் பயந்தான், கட்டையில் இருந்தவர்களைப் பார்த்து இல்லை. கைக்குட்டையை நகர்த்தினேன். மாற்றிக் கட்டவில்லை. எங்கள் கயிற்றையும் அவர்கள் கயிற்றையும் இழை இழையாகப் பிரித்து, சேர்த்து முறுக்கி, சரிபாதியாக வெட்டி, ஆளுக்கு ஒன்று. முனையில் என் பீடி நூலால் முடிச்சு, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. நல்ல வேலை. எந்த இழை யாருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "நல்லாருக்காம்மா?" என்றான் முத்து. பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன சித்தி அது?" என்றான் மகாராஜன். "பயந்த கோளாறுக்கு மந்திரிச்சுக் கட்டுனது" என்றது என் வாய். நான் யோசித்துச் சொன்னதில்லை. "அவனுக்குமா? யாரு கட்டுனா?" "நான்தான் கட்டுனேன். ரெண்டும் ஒண்ணாத்தான பயந்துச்சு. ஓடைல பாம்பப் பாத்து." முத்து, "எந்தப் பாம்பும்மா?" என்று வாயைத் திறந்தான். அதற்குள் அபினேஷ், "பெரிய பாம்பு. படம் எடுத்துச்சு" என்று இடது கையால் உயரம் காட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லத் தெரிந்துகொண்டான், நான் கையைப் பிடித்த அந்த ஒரு நிமிஷத்தில். மகாராஜன் குனிந்து பார்த்தான். "இதுல நம்ம நிறம்லா கிடக்கு." "எல்லா நிறமும்தான் கிடக்கு" என்றேன். "அறுத்துட்டுப் போகச் சொல்லுங்க சித்தி. கத்தரிதான் வச்சிருக்கீகளே." கத்தரி இடுப்பில் சுட்டது. அறுக்கத்தான் வந்தேன். அறுத்தால் முடிந்தது, முத்துவை இழுத்துக்கொண்டு இடது பக்கம் வீட்டுக்குப் போய்விடலாம், அபினேஷ் வலது பக்கம் தனியாக அந்த அரை மைல் நடப்பான், இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "மூணு நாளைக்கு அறுக்கக் கூடாது" என்றேன். "முந்தி அறுத்தா, அறுத்தவனுக்கு அந்தப் பயம் பிடிச்சுக்கிடும். நீ வேணும்னா அறு." கத்தரியை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். வாங்கவில்லை. கட்டையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான், அவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. "மூணு நாள்தான சித்தி" என்றான்.

வலது பக்கம் திரும்பினேன். இந்த ரோட்டில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பூரணத்தின் வீடும் இங்கேதான் எங்கோ இருந்தது. "வீடு அந்தப் பக்கம்லாம்மா" என்று முத்து கேட்கிறான், அவன் கையை இழுத்துக்கொண்டே நடக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள், உள்ளே திரும்பி யாரையோ கூப்பிடுகிறாள். மூன்று நாள். நாலாவது நாள் என்ன சொல்வேன். பின்னால் பைக்கை உதைக்கிற சத்தம் கேட்கிறது, ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு கிளம்பிவிட்டது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் நாடி துடிக்கிறது, எது முத்துவுடையது, எது இவனுடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை.

"அத்தை, கை வலிக்கி" என்றான் அபினேஷ்.

கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை.